மழை இடைவேளை

கியூர்பிப்பில் மழைக்கு நாள் கிழமை கிடையாது.
போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தும்போதே
இங்கே மெட்ரோ நிலையத்தில் குடைகள் விரியும்.
பத்தரைக்குப் பள்ளியில் மணி.
வெளியே விட முடியாது.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து
சுவரில் கார்ட்டூன் போடுவார்கள்.
அதற்குப் பெயர் மழை இடைவேளை.

இதை விமலென் சொல்லி நான் அறியவில்லை.
அவன் எதையும் சொல்வதில்லை.
ரொட்டி டப்பாதான் சொன்னது:
மூன்று நாள் வரிசையாக
திறக்காமலே வீடு திரும்பியது.
"சாப்பிட மறந்துட்டேன்."
மறக்கிற பொருளா பசி?

ஒரு தாளில் கணக்குப் போட்டேன்.
கணிதத்துக்கு டேப்லட், இருபத்தைந்து நிமிடம்.
பிரெஞ்சுக்கு அரைமணி.
தமிழ் வகுப்பில் கண்ணாடிமேல் விரலால் அ எழுதினால்
நட்சத்திரம் விழும்.
சுழி தப்பினாலும் விழும்.
பிறகு இந்த மழை, பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்து மழை.
கூட்டினால் இரண்டு மணி பத்து நிமிடம்.
வீட்டில் நான் தருவது அரைமணி,
அதற்கே தினம் சண்டை.

தாளை மடித்துக்கொண்டு எபேனுக்கு வேலைக்குப் போனேன்.
லியோனிலும் லீலிலும் இணையம் அறுந்தவர்கள்
என்னைக் கூப்பிட்டு ஏசுவார்கள்.
ஒன்பது மணிநேரம், இரண்டு திரை,
கீபோர்டுக்குப் பக்கத்தில் கண் சொட்டு மருந்து.
இதையும் கூட்ட வேண்டுமா என்று
தாளை வெளியே எடுத்தேன்.
கூட்டவில்லை.

பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் நாற்காலிகள்,
முழங்கால் மோவாயில் இடித்தது.
முசியே வலேதோன் எழுந்தார்
(வேலாயுதன்தான், நாலு தலைமுறையில் அப்படித் தேய்ந்துபோனது):
"என் மகளுக்கு ஏழு வயதில் கண்ணாடி."
பின்னாலிருந்து ஒருவர்:
"திரை வேண்டாமென்றால் என் பையன் எங்கே போவான்,
கரும்பு வெட்டவா?"
அதுவும் சரிபோலத்தான் இருந்தது.

தலைமை ஆசிரியை குரல் உயர்த்தவில்லை.
"முற்றத்துக் கூரை ஒழுகுகிறது.
ஆறு ஆசிரியர்கள், அவர்களுக்கும் ஒரு வாய் தேநீர் வேண்டும்.
அந்த இருபது நிமிடம்
யார் வந்து நிற்பீர்கள்?"
அப்போது எல்லோருக்கும்
செருப்பில் ஏதோ ஒட்டியிருந்தது.

நான் கை தூக்கியது வீரம் இல்லை.
புதன்கிழமை எனக்கு மாலை ஷிப்ட்.

முதல் புதன். மழை, சொல்லவே வேண்டாம்.
புரொஜெக்டரை அணைத்தேன்.
வெளிச்சம் போன பிறகும்
முப்பத்தெட்டு முகங்களும் சுவரிலேயே இருந்தன.
கதை சொல்லலாம் என்று வந்திருந்தேன்,
முதல் வரியே வாயில் வரவில்லை.
விமலென் என்னைத் தெரியாதவன்போல
ஜன்னலோரம் குனிந்துகொண்டான்.
முன்வரிசைப் பையன் கிரியோலில் கேட்டான்:
"மதாம், இது எப்போ ஆரம்பிக்கும்?"

எனக்கும் தெரியவில்லை.
மூலையில் ஒழுகலுக்கு வைத்த வாளி.
டக்.
வெகுநேரம் கழித்து, டக்.
லொவேனா என்கிற சிறுமி எண்ண ஆரம்பித்தாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
பதினேழில் அவளோடு நாலைந்து பேர்.
முப்பதில் தகராறு,
ஒன்றை விட்டுட்டே, இல்லை விடலை,
யாரோ யாரையோ தள்ள
வாளி கவிழ்ந்தது.

நான் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

நள்ளிரவில் வேலை முடிந்து வந்து
அடுப்படி விளக்கில் டப்பாவைத் திறந்தேன்.
பாதி ரொட்டி.
வாயில் கடித்த தடம் ஆறியிருந்தது.

வியாழன் வர என்னால் முடியாது என்று
வலேதோனுக்கு ஒரு செய்தி தட்டினேன்.
பார்த்துவிட்டார். இரண்டு நீலக் கோடு.
அதையே பார்த்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றேனோ.