மூன்றாம் தவணை

அவனை நான் கண்டுபிடிக்கவில்லை.
அவனுடைய ஓட்டோவைப் பறிக்கப் போனேன்.

குருநகர் ஐஸ் பக்ரறிக்குப் பின்னால், காலை ஏழரை.
மூன்று தவணை பிந்திய கோப்பு என் கக்கத்தில்,
திறப்பில்லாமல் வண்டி கிளப்பத் தெரிந்த பெடியன் எனக்குப் பின்னால்.
அன்ரன் கொலின்ஸ் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து
என்னைப் பேசத் தொடங்கினான்.

லீசிங் கொம்பனியில் ஒன்பது வருடம்.
பேச்சு வாங்குவது சம்பளத்தோடு சேர்ந்தது.
தாயை இழுப்பார்கள், மண்ணை அள்ளி எறிவார்கள்,
மானிப்பாயில் ஒருவர் என் காலடியில் தேங்காய் உடைத்தார்.
இவன் பேச்சு மட்டும்
ஒவ்வொரு முறையும் வட்டியில் போய் முட்டித் திரும்பியது:
வட்டி, கட்டி, ஐஸ்பெட்டி,
என் அடையாள அட்டை தொங்கும் கழுத்துப்பட்டி,
கடைசியில் என் அம்மா எனக்குச் சுட்டுத்தராத ரொட்டி.
பதினாறு வரி.
மூச்சு எடுத்தது மூன்றே இடத்தில்.
எண்ணினேன். எண்ணுவதுதானே தொழில்.

முடியும்வரை நின்றேன்.
பிறகு ஓட்டோவைக் கொண்டு போனேன்.
இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்,
காசு பிரிக்கும்போது.

வேலையை உடனே விடவில்லை, இது சினிமா இல்லை.
பதினொரு மாதம் கழித்து, போனஸ் விழுந்த மறுநாள் விட்டேன்.
மைக் வாங்க என் காப்பு இரண்டும் அடைவுக்குப் போயின.
மேசைக்கு அந்தப் பக்கக் கதிரை
எவ்வளவு பதிவு என்று அன்றுதான் தெரிந்தது.

ஸ்ரூடியோ என்றால்
கோண்டாவிலில் கபிலாஷின் தமக்கையின் ரியூசன் கொட்டில்.
சுவரெல்லாம் மெத்தை.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட சமன்பாடு.
ஓயெல் பிள்ளைகள் வருமுன்
நாலு மணிக்குள் ஒரு பாட்டு முடியவேண்டும்.
முடியாது. கரண்ட் போகும்.
பெயர் மட்டும் முடிந்தது: மூன்றாம் தவணை.

அனுமதிப் படிவத்தில் 'நிகழ்வின் வகை' என்ற இடத்தில்
மெல்லிசை என்று எழுதினேன்.
கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
"கெட்ட கதை கதைக்கிற பாட்டோ பிள்ளை?"
"கடன் கதை ஐயா."
"அப்ப அதைவிட மோசம்" என்று முத்திரை குத்தினார்.

கலியாண வீட்டுக்காரர் பாதி முற்பணம் தந்து
மாப்பிள்ளையின் பட்டங்களைப் பாட்டில் சேர்க்கச் சொன்னார்.
சுவிஸிலிருந்து ஒருவர் இரவு பன்னிரண்டுக்கு எடுத்தார்:
"எங்கட கஷ்டத்தைப் பாடினால் நான் காசு போடுறன்."
எந்தக் கஷ்டம் அண்ணை?
"பழைய கஷ்டம்."
இவனிட்டை இருக்கிறது புதுசு என்றேன்.
லைன் வெட்டுப்பட்டது, காசும்தான்.

அம்மாவிடம் கேட்டால்
மகள் கணக்குப் பார்க்கிறாள் என்பா.
பொய் இல்லை.

போன மாசி, முற்றவெளி.
மூவாயிரம் தலை. நானே எண்ணினேன், ரிக்கற் அடிக்கட்டையோடு.
அவன் "வட்டி" என்று மைக்கை நீட்ட
சனம் "கட்டி" என்றது.
என் கழுத்துப்பட்டியை மூவாயிரம் பேர் பிடித்து இழுத்தார்கள்.
என் ரொட்டிக்கு விசில் பறந்தது.
யாரைப் பேசுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.
நான் மேடைக்குப் பின்னால்,
மங்கத் தொடங்கிய லைற்றைப் பார்த்தபடி
ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது பதினேழாவது வரி ஒன்று போட்டானாம்.

மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது என்றான் கபிலாஷ்.
லைற்காரன் சிரித்தான்: "அக்கா, முந்தினதைவிடப் படுமோசம்."
போன்களில் எடுத்த வீடியோ ஒன்பது பார்த்தேன்,
ஒன்பதிலும் அந்த இடத்தில் வெறும் கூச்சல்.
அவனையே கேட்டேன்.
"அந்த நேரம் வந்தது மிஸ், மறந்துபோச்சு"
என்றான், சோடாப் போத்தலுக்குள் பார்த்துக்கொண்டு.

காசு பிரித்தோம்.
டீசல், கபிலாஷ், சவுண்ட் செற், வான்காரன்,
எனக்கு இருபது வீதம்.
கொப்பியின் கடைசிப் பக்கத்தில்,
வரவேண்டியவை என்பதன் கீழ் எழுதினேன்:
வரி பதினேழு.
தொகைக்கு நேரே இன்னும் ஒன்றும் போடவில்லை.