கோரை

டோங்காட்டுக்கு மேற்கே, கரும்புக் கொல்லை முடிகிற மேட்டில்
பாறை ஒன்று குடை பிடித்து நிற்கிறது.
அதன் நிழலில் மூன்று குளிர்காலமாக
சின்னக் கரண்டியால் கீழே போய்க்கொண்டிருக்கிறேன்.
இதுவரை ஒரு முழம்தான்.
முதல் விரற்கடையில் சோடா மூடி, வெள்ளி மெட்டி ஒன்று
(யாருடையதென்று கேட்காமல் பையிலிட்டு எண் எழுதினோம்).
பிறகு ஒன்றுமில்லாத மண்.
பிறகு அவர்கள்.

அவர்கள் என்றால் முகமில்லை.
மான்குட்டித் தாடையில் பாற்பல் இன்னும் தேயவில்லை,
ஆகவே மழைக்கு முன் வந்தார்கள்.
கல்லின் முதுகில் பிசினும் காவியும்,
ஆகவே கல்லுக்குக் காம்பு இருந்தது.
செதில்கள் ஒரே பக்கம் சிதறியிருக்கின்றன,
ஆகவே ஒருவர் இங்கே முழங்கால் மடக்கி
ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
எங்கள் பிழைப்பே இந்த ஆகவேதான்.
ஒவ்வொன்றையும் மூன்று தரம் உதறிப் பார்த்துத்தான் உடுத்துவேன்.

செவ்வாயன்று கறுப்பு வரி ஒன்று தெரிந்தது,
நகக்கண் அழுக்களவு தடிமன்.
நுண்ணோக்கியின் கீழ் முக்கோணத் தண்டு.
ஃபான் டோண்டர் தாவரவியல் பெயரைச் சொன்னார்.
கோரை, என்றேன் எனக்குள்.
பாய்.
யாரோ கோரை பரப்பிப் படுத்து, அதையே கொளுத்தி,
சாம்பல் ஆறியதும் மேலே புதுக்கோரை பரப்பியிருக்கிறார்கள்.
ஏழு முறை.

"பூச்சிக்காக" என்றார் அவர், படிவத்தைத் தள்ளி.
சல்லடையைத் தட்டிக்கொண்டே சிபுயிலே
"செத்த வீட்டிலும் எரிப்பார்கள்" என்றாள்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்லவில்லை.
போன ஆகஸ்டில், ஃபீனிக்ஸ் வீட்டுக் கொல்லையில்
இரட்டை மெத்தையை இழுத்துப் போட்டு
அரை லிட்டர் பாரஃபின் ஊற்றினேன்.
பூச்சி இல்லை. சாவும் இல்லை.
அவன் பைன்டவுனில் நன்றாகத்தான் இருக்கிறான்.
ஸ்பிரிங்குகள் வேகவில்லை. குப்பை லாரி ஏற்றிக்கொள்ளவில்லை.
இன்னும் அங்கேதான்.
எழுபதாயிரம் ஆண்டு கழித்து எவராவது தோண்டினால்
இரும்புச் சுருள் இருநூறு, நடுவே சாம்பல்;
பூச்சிக்காக என்று எழுதுவார்.

ஏழில் ஆறு பூச்சிக்காகவே இருக்கட்டும்.
நான்காவதன் அடிமண் மட்டும்
செங்கல்லாய்ச் சிவந்திருக்கிறது.
மூட்டைப்பூச்சிக்கு அவ்வளவு தீ எதற்கு?

'வெப்பம் மிகுதி' என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அதற்குள் சிபுயிலே தேநீர் ஊற்றிவிட்டாள்.