காரணம்: உபரி

படிவத்தில் மூன்றாம் கட்டம்:
அகற்றுவதன் காரணம்.
‘உபரி’ என்று எழுதினாள் ஓதில்.
இருபத்தெட்டாயிரம் லிட்டருக்கு
மூன்றே எழுத்து.

இரண்டு கடலுக்கு நடுவே என்று
இந்தப் பக்கத்துக்குப் பெயர்.
கடல் எங்கே?
இருப்பது இரண்டு ஆறு,
ஒன்று பழுப்பு, இன்னொன்றும் பழுப்பு.
என் லாரியும் அப்படித்தான்.
பக்கவாட்டில் ‘உணவுத் திரவம்’ என்றிருக்கும்.
வடிசாலை வாசல் தாண்டியதும்
அதே சரக்கு ஆலைக்கான கச்சாப்பொருள்.

குழாயைப் பொருத்துகிறேன்.
பம்பு இரண்டு முறை இருமிவிட்டு
குடிக்கத் தொடங்குகிறது.
இவ்வளவு தாகத்தோடு இதை
இப்போது வேறு யாரும் குடிப்பதில்லை.

ஓதில் பேசிக்கொண்டே இருந்தாள்,
என்னிடம் இல்லை, தொட்டியிடம்:
முதல் துளியிலிருந்தே கெடுதலாம்,
வானொலியில் மருத்துவர் சொல்கிறார்.
லேபிளில் புற்றுநோய் என்று
கொட்டை எழுத்தில் போடணுமாம்.
போடட்டும்.
ரொட்டிக்குப் பக்கத்தில் இருந்ததைத் தூக்கி
எலிமருந்துக்குப் பக்கத்தில் வைக்கட்டும்.
என் மகன் கல்யாணத்திலேயே
ஆல்கஹால் நீக்கிய வைன்தான்.
நீக்கியபின் மிஞ்சுவது என்ன?
மாப்பிள்ளை இறங்கிப்போன ஊர்வலக் கார்.

நான் வாய் திறக்கவில்லை.
அவள் பக்கம் பாதி நியாயம்.
மீதிப் பாதி
என் கல்லீரலில் எழுதியிருக்கிறது.

வெளியே தோட்டம். கொடி இல்லை.
பிடுங்கியதற்கு அரசு பணம் தந்தது,
ஹெக்டேருக்கு இவ்வளவு என்று.
வேர்கள் குவியலாய்
மழையில் ஊறி
தீப்பிடிக்க மறுக்கின்றன.
செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து
பிடுங்கியது உண்மைதான் என்றதாம்.
கடவுள்கூட
இவ்வளவு கருத்தாய் வந்து பார்த்ததில்லை என்றாள்.
பந்தல் கம்பிகளை மட்டும்
சுருட்டி வைத்திருக்கிறாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

விதிப்படி மாதிரி எடுக்கவேண்டும்:
அரை லிட்டர், மூடி, முத்திரை.
கை நடுங்கவில்லை.
ஆனாலும் இரண்டு விரல் நனைந்தது.
மெர்லோ.
வெயில் தாளாமல் ஆகஸ்டிலேயே பறித்த வருடத்தது.
பிளம் பழம், ஈரக் காகிதம்,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன அறை.

‘ஒரு மடக்கு’ என்றாள்.
குவளைகளை முன்பே துடைத்து வைத்திருந்தாள்.
‘கடைசித் தொட்டி. தனியாய்க் குடிக்க மனசில்லை.’
ஆயிரத்து நூற்றுப் பதினேழு நாள்
என்று சொல்லியிருக்கலாம்.
‘வண்டி ஓட்டணும்’ என்றேன்.
பொய்யும் இல்லை.

இரண்டு குவளையிலும் ஊற்றி
என்னுடையதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.
தன்னுடையதைக் குடித்து முகம் சுளித்தாள்.
‘புளிப்பே இல்லை. இதை நானே வாங்கமாட்டேன்.’
சிரித்தாள். பிறகு
பம்பின் சத்தத்துக்குள் போய்விட்டாள்.

ஐம்பது கிலோமீட்டர்,
இரு ஜன்னலும் திறந்தபடி,
டிசம்பரில்.
அந்த இரண்டு விரலையும்
ஸ்டீயரிங்கில் படாமல் நீட்டிப் பிடித்திருந்தேன்,
யாரோ கொடுத்துவைத்த விரல்கள் மாதிரி.

வடிசாலையில்
எந்த வருடம் என்று கேட்கவில்லை,
எந்தச் சரிவு என்று கேட்கவில்லை.
எத்தனை சதவீதம் என்றார்கள்.
பதின்மூன்றரை.
தேறல் தொட்டிக்குள் போயிற்று.
தேறியவன் வெளியே நின்றேன்,
ரசீதுக்காக.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை.
தேவாலயத்தின் பின்கூடத்தில் எங்கள் கூட்டம்:
பத்து மடக்கு நாற்காலி, ஆறிய காப்பி.
வாசலில் கைக்கு அழுத்தும் அந்தப் பிளாஸ்டிக் புட்டி.
எந்தத் தோட்டம் என்று அதில் இல்லை.
குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று
கொட்டை எழுத்தில் இருக்கிறது.
ஒவ்வொருவராய் அழுத்தி
உள்ளங்கை தேய்த்தபடி
குடியை விட்டவர்கள் உள்ளே போகிறார்கள்.

நானும் அழுத்தினேன்.
சில்லென்று ஒரு நொடி,
அப்புறம் வெறும் கை.
முகர்ந்து பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டியதில்லை.

முன்வரிசையிலிருந்து ரெஜீன் திரும்பிக் கேட்டாள்,
மழை விட்டுவிட்டதா என்று.
இன்னும் இல்லை என்றேன்.