இழுவை

பதினொரு கிலோப் பெட்டி.
கொழும்புத் துறைமுகத்தில் பன்னிரண்டு நாள் கிடந்து
மஸ்கெலியா வந்தது, ஒரு பக்கம் நசுங்கி.
அனுப்பியவன் துரைசீலன். கனடாவில்
செமன் வெட்டும் ஆலையில் அவனுக்கு இரவு வேலை.

மேசையில் பரப்பினோம், நானும் ஜெபநேசனும்:
முழங்கை நீளத்துக்கு மினுங்கும் தகடு,
ரப்பரில் பச்சைக் கணவாய், கண் உட்பட,
குழிவு பார்த்து அடுக்கிய மூன்று பித்தளைக் கரண்டி,
ஐந்து கிலோ ஈயக்குண்டு, அதை இறக்கக் கம்பிக்கயிறு.
குண்டைத் தூக்கிப் பார்த்த ஜெபநேசன் சொன்னான்:
"இது தோணியில் ஏறினால்
நான் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்."

செமன் எங்களுக்கு டின்னில்தான் பழக்கம்,
சம்பள நாளில், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு.
அதற்குத் தலை உண்டென்று
அவன் அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன்.
மவுசாக்கலைத் தண்ணீரில் அது இல்லை.
கெண்டை உண்டு, திலாப்பியா உண்டு.
வெள்ளைக்காரன் ஓடைகளில் விட்ட ட்ரவுட்டின் வாரிசு
ஒன்றிரண்டு இருக்கலாம் என்பார்கள்;
பிடித்துக் காட்டியவர் யாருமில்லை.

முதல் ஞாயிறு அவன் சொன்னபடியே செய்தோம்.
முன்னால் தகடு, ஒரு பாகம் நரம்பு விட்டுக் கணவாய்.
வேகம் குறையாதே, தகடு முழுச் சுற்றுச் சுற்றணும்
என்கிறான் போனில். அங்கே மோட்டார். இங்கே
ஜெபநேசனின் இரண்டு கை.
தூங்கி விழுகிறவன் தலை போல
சாய்ந்து சாய்ந்து வந்தது தகடு.
குண்டை எழுபது அடிக்கு இறக்கு என்றான்.
இறக்கினோம்.
நாற்பதில் நின்றது.

கீழே பழைய மஸ்கெலியா.
அணைக்குத் தண்ணீர் தேக்கியபோது அமிழ்ந்த கடைத்தெரு.
சுவரோ தூணோ பிடித்துக்கொள்ள,
முளையில் கட்டிய மாடு மாதிரி
தோணி அதையே சுற்றி வந்தது.
அறுத்துவிட்டோம். ஈயமும் தகடும்
யாருடைய வாசலிலோ கிடக்கும்.

நான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவள்.
பாரம் என்ன செய்யும் என்று தெரியும்.
பழைய தராசின் இருநூறு கிராம் படியைக்
கரண்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன்,
படிக்கு மட்டும் மெல்லிய நரம்பு:
சிக்கினால் படி போகட்டும், கரண்டி வரட்டும்.
பத்தடிக்கு ஒரு சிவப்பு நூல் முடிந்தேன்.

பித்தளை மூன்றையும் ஓடவிட்டோம்.
ஒன்று உருண்டது. ஒன்று செத்தது போல் வந்தது.
மற்றது பரவாயில்லை, ஆனால்
பனி இறங்கிவிட்டால் பித்தளைக்கு முகமில்லை.
குப்பையிலிருந்து செமன் டின் மூடியை எடுத்தேன்.
வெட்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்து,
குழம்புக் கரண்டிக்குள் வைத்துத் தட்டிக் குழித்தேன்.
இரண்டு வலிப்புக்கு ஒரு தடவை வாலாட்டியது,
ஜெபநேசனுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மூன்றாம் ஞாயிறு. சிவனொளிபாதமலை முகம் காட்டவில்லை.
நரம்பில் இரண்டாம் சிவப்பு நூல் நனையும் ஆழம்.
அவனுக்கு இடது தோளில் நோவு;
தோணி நேரே போகாமல்
வளைந்து வளைந்து போனது.
வெளி வளைவில் கரண்டி விரைந்து மேலே வரும்,
உள் வளைவில் தளர்ந்து கொஞ்சம் அமிழும்.
எந்தப் பெட்டியிலும் வராத வித்தை அது,
பஸ் ஓட்டிப் பிடித்த சுளுக்கில் வந்தது.

அமிழும்போது இழுத்தது.
கரண்டி இல்லை, கை. என் கை.
நரம்பு விரலை அறுக்க, அவன் துடுப்பை விட்டுவிட்டு
"வலிக்கவா, நிறுத்தவா" என்று கத்த,
நானும் என்னவோ கத்தினேன்.

பெரிய செதிலுள்ள மீன். வயிறு மஞ்சள்.
பெயரில் இன்னும் எங்களுக்குள் சண்டை.
மூன்று கிலோ நூற்றைம்பது,
என் தராசில், என் கையால்,
தோட்டக் கழிவு ஒரு கிராமும் பிடிக்காமல்.

துரைசீலன் கேட்டான்: எதில் பிடித்தது, தகட்டிலா?
எல்லாம் உன் சாமானில்தான் என்றேன்.
அவனுக்கு அங்கே வேலைக்கு நேரமாகியிருந்தது.

பச்சைக் கணவாய் இப்போது
ஜெபநேசனின் பஸ்ஸில் கண்ணாடிக்கு முன்னால் தொங்குகிறது.
லக்ஸபான வளைவுகளில்
நன்றாக ஓடுகிறது என்கிறான்.