புள்ளி

ஜுபைல் கிடங்கில் முதல் வாரம்.
சீட்டில் ஒரு சுழி, பக்கத்தில் இரண்டு புள்ளி.
சுழியென்றால் ஒன்றுமில்லைதானே,
சிமெண்ட் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.
ஐந்நூறு மூட்டை.

கணக்கர் ஹமூத் தலையில் கைவைத்தார்:
"வட்டம் ஐந்து. புள்ளிதான் சைபர்.
இதற்கு எங்களிடம் இந்திய எண் என்று பேர்.
இந்தியன், உனக்கா தெரியாது?"
எங்கள் கணக்கு வாத்தியாரோ
நாங்கள் எழுதியதை அரபு எண் என்பார்.
யார் பெற்ற பிள்ளையோ,
இரண்டு வீட்டிலும் பக்கத்து வீட்டான் பேர்.

மெய்யின் தலையில் ஏறி
உயிரை விரட்டுகிற புள்ளி
இங்கே வாலில் உட்கார்ந்தால் பத்து மடங்கு.
ஈ எச்சம் என்று துடைத்துவிட்டால்
இருபது மூட்டை இரண்டாகும்.

மாதக் கடைசி. ஊருக்கு அனுப்பியது போக
கையிருப்புக் கட்டத்தில்
தனியாக ஒரு புள்ளி.
பிழையின்றி வாசித்தேன்.