எட்டாம் நாள் தண்ணீர்

நூற்றி ஒன்பது என்று போட்டிருந்தது நேற்றைய பேப்பர்.
நாங்கள் வாதாடவில்லை.
சுகிர்தா அதை நான்காய் மடித்து
விசிறியாக்கிவிட்டாள்.

விருதம்பட்டில் எங்கள் வீட்டுக்கு
முன்னால் சாலை, பின்னால் பாலாறு.
ஆறு என்றால் மணல்.
அந்த மணலிலும் பாதிதான் மணல்,
மீதி சீமைக் கருவேலம்.
பகலெல்லாம் வெயில் வாங்கிய மொட்டைமலைகள்
இருட்டிய பிறகு திருப்பித் தருகின்றன,
வட்டியோடு.

தோட்டம் என்பது ஒரு பேச்சுக்கு.
துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில்
பதினோரு அடி.
முள்ளுக் கத்தரி நான்கு,
கறிவேப்பிலை ஒன்று,
மச்சான் தேவஇரக்கம் அணைக்கட்டிலிருந்து
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த எலுமிச்சை.
மூன்று வருடமாய் இலை மட்டும்தான்.
"அது கோவமா கீது" என்கிறாள் பியூலா.
யார்மேல் என்று சொல்வதில்லை.

அரிசி களைந்தது கத்தரிக்கு.
காய்கறி அலசியது எலுமிச்சைக்கு.
சோப்புத் தண்ணீர் வாசலுக்கு மட்டும்.
சுகிர்தாவின் கணக்கில்
ஒரு சொம்பு பிசகினாலும் எனக்குத்தான் கேள்வி.

இன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் இல்லை.
அதனால் மொட்டை மாடியில் நால்வரும்.
கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய்,
பாலத்தடியில் வாங்கிய நுங்கு.
நுங்கின் கண்ணைக் கட்டை விரலால் குத்தி
முகமெல்லாம் தெறிக்கவிட்டு
வழிவதை நாக்கால் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள் பியூலா.
காட்பாடியில் ஒரு ரயில் கூவுகிறது.
"பெங்களூர் வண்டி" என்கிறான் மச்சான்.
"மெட்ராஸ் வண்டி" என்கிறேன் நான்.
இரண்டு பேருக்கும் தெரியாது.
காற்று வருமா என்று படுத்துக் கிடக்கிறோம்.
கறிவேப்பிலை ஒருமுறை அசைந்தது.
பூனை.

இரண்டு மணிக்குக் குழாய் இருமியது.

முதலில் காற்று,
பிறகு துருவும் தண்ணீருமாய்,
பிறகு
தண்ணீர்.

டிரம், அண்டா, குடம் ஏழு, குக்கர்,
பியூலாவின் பள்ளிக்கூட பாட்டில்,
என் டிபன் கேரியரின் மூன்று அடுக்கும்.
எல்லாம் நிரம்பிவிட்டது.
இன்னும் வருகிறது.
அப்படி எங்களுக்கு நேர்ந்ததே இல்லை.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்,
சம்பளம் இரண்டு தடவை போட்டுவிட்டவர்கள் மாதிரி.

கணக்குக்காரி சுகிர்தா
ஹோஸை எடுத்தாள்.
செடிக்கு என்றுதான் நினைத்தேன்.
வாயைக் கட்டை விரலால் அடைத்து
என் நெஞ்சைப் பார்த்துத் திருப்பினாள்.
அடுத்து லுங்கியோடு ஓடிய தம்பிக்கு.
பியூலா ஓடவே இல்லை,
கையை விரித்து நடுவில் நின்றாள்.
சுட்ட மதிலில் பட்ட இடமெல்லாம்
ஸ்ஸ் என்று ஒரு வாசனை.

மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது.
நஸ்ரீன் அக்கா.
"இன்னா இது, நடு ராத்திரியில?"
திட்டப் போகிறாள் என்று எல்லோரும் ஒடுங்கினோம்.
"இந்தப் பக்கமும் கொஞ்சம் வுடு" என்றாள்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றது தண்ணீர்.
எலுமிச்சை அடியில் மட்டும்
ஒரு சின்னக் குளம், அதில் ஒரு தெருவிளக்கு.
சுகிர்தாவின் ஜடையிலிருந்து சொட்டுவதை
கத்தரிச் செடிப் பக்கமாய்ச் சாய்த்துப் பிழிந்தாள்.
பழக்கம் போகாது.

அப்போது பியூலா சொன்னாள்:
"அப்பா, குளுருது."

அந்த வார்த்தையை
தை மாசத்துக்குப் பிறகு
இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.
பரணிலிருந்து கம்பளி இறங்கியது,
பாச்சை உருண்டை மணத்தோடு.
நால்வரும் அதற்குள் நுழைந்து பல் கிட்டிச் சிரித்தோம்.
பத்து நிமிஷம் இருக்கும்.
பிறகு உதைத்துத் தள்ளினோம்.

விடிந்ததும் பேப்பர் போடுகிற பையன்
வழக்கம்போல மதிலுக்கு மேலாக வீசினான்.
நேராகக் குளத்தில்.
நூற்றிப் பத்தா, பன்னிரண்டா,
மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை.
சுகிர்தா அதைக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.
பழைய விசிறி கிழிந்துவிட்டது.