மூன்றரைப் பவுன்

ரைபிள் குழலுக்குள் புரி உண்டு.
தோட்டா அதில் திருகித் திருகித்
தெளிந்துதான் வெளியே வரும்.
பதினேழு வருஷம் தோளில் சாய்த்திருந்தது அதைத்தான்.

வங்கியில் கொடுத்திருப்பது புரி இல்லாதது.
குழல் ஒரு முழம், மேலே நாலு விரல்.
உள்ளே எண்ணெய்ச் சட்டி வழவழப்பு.
குறிமுள் என்று சொல்லிக்கொள்ள
நுனியில் கடுகத்தனை பித்தளை மணி.
"சுடுமாண்ணே இது?"
பாஸ்புக் பதிய நிற்பவர்கள் கேட்பார்கள்.
சுடும்.
எங்கே என்பதுதான் கேள்வி.

வருஷத்துக்கு ஒருமுறை
யானைமலைக்குப் பின்னால் மண்மேட்டின் முன் நிறுத்திப்
பரீட்சை வைப்பார்கள்.
இந்த முறை ரவை இல்லை, ஒற்றைக் குண்டு.
ஆர்மரர் சவரிராயன் ஒரு தோட்டாவை வெட்டிப் பிரித்து
ஈயத்தை மட்டும் என் உள்ளங்கையில் உருட்டினார்.
முன்னால் கனம், பின்னால் குழிவு,
விலாவில் சாய்ந்த வரிகள்.
"இந்த வரி சுழற்றிவிடும்பாங்க, நம்பாதீங்க.
இது நேராப் போறது தலைக்கனத்தால.
இறகுப்பந்து மாதிரி."
அவரவர் ஒரு மேலதிகாரியை நினைத்துச் சிரித்தோம்.

இருபத்தைந்து மீட்டரில்
ஐந்து ஓட்டையையும் ஒரு இட்லியால் மூடிவிடலாம்.
ஐம்பதில் முறம் வேண்டும்.
எழுபத்தைந்தில்
மூன்று அட்டையில், ஒன்று மரச்சட்டத்தில்.
மற்றது போன இடம் மயில்களுக்குத் தெரியும்.
குழல் குட்டை,
கண்ணுக்கும் மணிக்கும் நடுவே இடம் போதாது.
இங்கே மூச்சு ஓர் அரிசி அசைந்தால்
அங்கே ஒரு சாண்.
ராத்திரி சட்டையைக் கழற்றினால்
தோளில் கத்தரிக்காய் நிறம்.

மறுநாள் மேலூர் கிளை. சந்தை நாள்.
ஷட்டர் பாதி ஏறியிருந்தபோது
நகை எடை போடும் தராசில் அந்த ஈயத்தை வைத்தேன்,
விளையாட்டுக்குத்தான்.
இருபத்தெட்டு கிராம்.
கதிரேச பத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"மூன்றரைப் பவுன். ஆனா ஈயத்துக்குக் கடன் கிடையாது."

அப்புறம் வேலை ஓடவில்லை.
கம்பிக் கதவிலிருந்து நடந்து நடந்து எண்ணினேன்.
கேஷ் கவுண்டர் பதினோரு எட்டு.
நகைக்கடன் மேஜை ஒன்பது.
தண்ணீர் கேன் ஏழு.

இட்லி எதற்கு, சட்டைப் பொத்தான் போதும்.
இந்த அறைக்குள் அது தவறவே தவறாது.
கை நடுங்கட்டும், மூச்சு தப்பட்டும்,
யார்மீதாவது படும்.
பட்டதோடு நிற்காது.
பிளைவுட் தடுப்பு அதற்கு அப்பளம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் செவந்தி,
கீழையூர்க்காரி, நடவுச் செலவுக்கு வந்தவள்,
கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள்.
கொக்கி முடியில் சிக்கி இரண்டு இழை கூடவே வந்தது.
பத்தர் முடியை எடுத்துவிட்டு நிறுத்தார்.
"மூன்றே கால்."
என் பக்கம் திரும்பவில்லை அவர்.

மதியம் மேனேஜர் பூங்கோதை மேடம் படிவம் நீட்டினார்.
சுட்டவை பதினைந்து.
பட்டவை?
மரச்சட்டத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா?
சேர்த்தே எழுதினேன், பதினான்கு.
'நிபந்தனைகள் புரிந்தன' என்ற இடத்தில்
கையெழுத்தும் போட்டேன்.

எழுதாதது ஒன்று இருக்கிறது.
அன்றிலிருந்து குழல் காலி.
தோட்டா இரண்டும் சட்டைப் பையில்.
சலான் நிரப்பப் பேனா கேட்கும் ஆள்
நாளுக்கு நாற்பது பேர் வருகிறார்கள்.
ஒவ்வொரு முறையும் பைக்குள் விரல் போனால்
முதலில் தட்டுப்படுவது
பேனா இல்லை,
ஜில்லென்ற பித்தளை.